ஓய்வுக்குக் கூலி யார் தருவது?

முதுகில் நரம்பு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தருவார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கிட்டத்தட்ட ஒரே தாள்தான். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. குனிந்து எடை தூக்கக் கூடாது. ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காரக் கூடாது. இரண்டு மூன்று நாள் ஓய்வு, அப்புறம் மெல்ல மெல்ல வழக்கமான வேலை. இரண்டு வாரத்தில் மறுபடி வந்து காட்டவும். கடைசி வரியில் பிசியோதெரபி.

மருத்துவம் என்று பார்த்தால் இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. யாரை மனதில் வைத்து இதை அச்சடித்தார்கள் என்பதுதான் என் கேள்வி. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற, லீவு என்றொரு கணக்கு வைத்திருக்கிற, நாற்காலி சரியில்லை என்றால் வேறு நாற்காலி வாங்கிக்கொள்கிற ஒரு ஆள். அதாவது என்னைப் போன்ற ஒரு ஆள். ஆரணியில் எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மிச்சப் பேர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் இதே ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். இதே தாளை வாங்கி மடித்து, எம்.ஆர்.ஐ. பிலிம் இருக்கிற பையிலேயே செருகி வைக்கிறார்கள். மூன்றாம் நாள் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும்.

“எவ்வளவு சொன்னாலும் இவங்க கேக்கறதில்ல சார்” என்று சலித்துக்கொள்கிற மருத்துவர்களை எனக்குத் தெரியும். படித்த உறவினர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சலிப்புக்கு எதிரானது. டாக்டர் சொன்னதைக் கேட்டு நடக்க ஒரு செலவு ஆகிறது. அந்தச் செலவை யாரும் கணக்குப் போட்டதில்லை.

*

முதலில் அந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தெரியாமல் பேசினால் இதுவும் இன்னொரு புலம்பலாகிவிடும்.

ஆரணியில் யாரைக் கேட்டாலும் “ஜவ்வு விலகிடுச்சு” என்பார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கி, காலுக்கு இறங்கும் நரம்பின் வேரைத் தொட்டு அழற்சி உண்டாக்குகிறது. இடுப்பில் தொடங்கி தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல வலி ஓடும். சி-ஆர்ம் எனப்படும் எக்ஸ்-ரே கருவியில் பார்த்துக்கொண்டே, அந்த நரம்பு வேரின் பக்கத்தில் மரக்கச் செய்யும் மருந்தையும் ஸ்டீராய்டையும் செலுத்துகிறார்கள். இரண்டுக்கும் வேறு வேறு கடிகாரம். மரக்கும் மருந்து சில நிமிடத்தில் வேலை செய்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஸ்டீராய்டு மெதுவாகத்தான் வரும். இரண்டு நாளிலும் வரலாம், ஒரு வாரமும் ஆகலாம், சிலருக்கு இரண்டு வாரம்கூடப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்த நாட்களின் விசித்திரம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. முதல் நாள் மாலை “அடடா, வலியே இல்லையே” என்று தோன்றும். மறுநாள் காலை பழைய வலி திரும்பி வந்து வாசலில் நிற்கும், சில சமயம் முன்பைவிடக் கூடுதலாக. ஊசி வேலை செய்யவில்லை என்று மனசு விட்டுப்போகும். முகம் சிவந்து சூடாகும். ராத்திரி தூக்கம் வராது. சர்க்கரை நோய் இருந்தால் சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. காய்ச்சல், கால் பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, எழுந்து உட்கார்ந்தால் வந்து படுத்தால் போகிற கடுமையான தலைவலி, இவை வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அபூர்வமாகப் பெரிய ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2014-ல் இந்த வகை ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாக நரம்பு மண்டலத்தில் கடும் பாதிப்புகள் வரலாம் என்று எச்சரித்தது.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஊசியால் ஜவ்வு பழைய இடத்துக்குத் திரும்பிவிடாது. அழற்சி தணியும், வலி குறையும், அதுவும் சில வாரம், சில மாதம். 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இன்னும் அடக்கமாகச் சொல்கிறது. சயாட்டிகா வலிக்கு முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியால் கிடைக்கும் பலன் சிறியது, குறுகிய காலத்துக்கானது. அப்படியானால் எதற்குப் போடுகிறார்கள்? வலி குறைந்திருக்கிற அந்த நாட்களில் நடந்து, பயிற்சி செய்து, முதுகுத் தசைகளைத் தேற்றி, உட்காரும் முறையை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக. ஊசி ஒரு அவகாசம் தருகிறது. அவ்வளவுதான் அது தரக்கூடியது.

வலி மருத்துவத்தின் முன்னோடியான ஜான் போனிகாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மருத்துவம் படிக்கப் பணமில்லாமல் மல்யுத்த மேடையில் சண்டை போட்டுச் சம்பாதித்தவர் அவர். அந்தச் சண்டைகளில் பட்ட காயங்களின் வலி கடைசிவரை அவர் உடம்பில் இருந்தது. நரம்பு மரக்கும் ஊசிகளில் கைதேர்ந்தவர். 1953-ல் வலி மேலாண்மை பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அந்தத் துறைக்கே அடித்தளம். அவரே ஊசி மட்டும் போதாது என்று பல துறை மருத்துவர்கள் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்கும் கிளினிக்கை உருவாக்கினார். உடம்பை விற்றுப் பிழைத்த ஒருவர் இந்த முடிவுக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

*

இனி அதே ஊசியோடு ஆரணிக்கு வருவோம்.

குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையோடு தரையாக ஒரு பலகை. கால்கள் இரண்டும் குழிக்குள், மிதிகளின் மேல். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கும், மறுகை அச்சை இழுத்து அடிக்கும். ஜக்கார்டு பெட்டி இருந்தால், அதைத் தூக்குகிற மிதி கனமானது. இடுப்பு அசையாமல் முன்னால் வளைந்திருக்க, அதற்குக் கீழே கால் உதைத்துக்கொண்டே இருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் முதுகு வட்டுக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட முன்னால் குனிந்து உட்காரும்போது அழுத்தம் கணிசமாகக் கூடுகிறது என்று கண்டார். தறிக்காரர் நாள் முழுக்க இருப்பது அந்த இருப்பில்தான். ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராதே, குனியாதே என்று தாள் தடுக்கிற இரண்டையும் சேர்த்தால் நெசவு என்ற தொழில் வந்துவிடுகிறது.

எனக்கு ஊசி போட்டதற்குச் சில மாதம் முன்னால் எதிர்வீட்டு மாமாவுக்கும் போட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஜவ்வு விலகல். நான் ஒன்பது நாள் வீட்டில் இருந்தேன், சம்பளம் ஒரு ரூபாய் குறையவில்லை. மல்லாந்து படுத்தபடி போனில் நாவல் படித்தேன், சாயங்காலம் தெருக்கோடிவரை நடந்தேன். மாமாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவே ஒரு புடவைக் கூலியைத் தாண்டிவிட்டது. பாவு தறியில் ஏறி நிற்கிறது. பாதி நெய்த புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. முகூர்த்த மாதம் வருகிறது, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்கிறது. மூன்றாம் நாள் தறியில் இறங்கிவிட்டார்.

“இன்னா மாமா, அதுக்குள்ளவா?” என்று கேட்டேன்.

“படுத்துக்கினு இருந்தா மட்டும் வலி போய்டுமா தம்பி? இங்க ஒக்காந்தா வலிதான் இருக்கும். அங்க படுத்தா வலியும் இருக்கும், வட்டியும் இருக்கும்.”

இந்தக் கணக்கில் என்ன தப்பு என்று யாராவது எனக்குச் சொல்லட்டும். மாமாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மூன்றாம் நாள் அவர் இறங்கியபோது ஸ்டீராய்டு சரியாக வேலையைத் தொடங்கியிருக்காது. இரண்டாவது வாரம் வலி இறங்கியதும் “கொணமாய்ட்டேன்” என்று ராத்திரியிலும் நெய்தார். உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் முழுக்க விட்டுப்போன கூலியைப் பிடிப்பதற்குப் போய்விட்டது. நான்கு மாதத்தில் கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. மறுபடி ஊசி. தறிக்கு எண்ணெய் போடுவதுபோல மனிதருக்கு ஊசி போடுகிறோம். எண்ணெய் போடுவது தறி ஓடுவதற்காகத்தான், தறியின் நலனுக்காக இல்லை.

பெண்களின் கதை இன்னும் ஒரு படி கீழே. 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் 25 லட்சத்துக்கும் மேல் பெண்கள். ஆரணியிலும் தறியில் உட்காரும் பெண்கள் உண்டு. உட்காராதவர்கள் தார் சுற்றுகிறார்கள், பாவு பிணைக்கிறார்கள். எங்கள் தெருவில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு அக்காவிடம் ரெஸ்ட் எடுத்தீங்களா என்று கேட்டேன். சிரித்தார். “எனக்கு ரெஸ்ட்டுன்னா தறியிலேர்ந்து ஏந்து அடுப்பாண்ட போறதுதான்” என்றார். குடம் தூக்காதே, குனிந்து பெருக்காதே என்று தாளில் எழுதியிருக்கிறது. வேறு யார் பெருக்குவார்கள் என்று எழுதவில்லை.

*

இதற்கு வருகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

“சொந்த வீட்ல சொந்தத் தறி, அவங்க நேரம் அவங்க கையில. கொஞ்சம் கொஞ்சமா நெய்யலாமே?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மருத்துவம் சொல்வதும் அதுதான். 1999-ல் நெதர்லாந்தில் சயாட்டிகா நோயாளிகள் 183 பேரை வைத்து நடத்திய ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்கள் மற்றவர்களைவிட வேகமாகக் குணமாகவில்லை. தேவைப்படுவது படுக்கை இல்லை, வேலையின் அளவைத் தானே தீர்மானிக்கிற உரிமை. இன்று அரை மணி, நாளை ஒரு மணி, நடுவில் எழுந்து நடை. இந்த உரிமை மாதச் சம்பளக்காரனுக்கு உண்டு, புடவைக் கணக்கில் கூலி வாங்குபவருக்குக் கிடையாது. நேரம் அவர் கையில் இருப்பதுபோலத் தெரியும். கெடுவும் கடனும் வேறு ஒருவர் கையில் இருக்கின்றன. அதே கணக்கெடுப்பில் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிப்பதாக இருக்கிறது. அந்த வருமானத்தை ‘கொஞ்சம் கொஞ்சமா’ ஆக்கினால் என்ன மிஞ்சும்?

“அரசு காப்பீடு இருக்கே?” இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குத் தருகிறது. அதன் அருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன், எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றிய திட்டம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிற ஏற்பாடும் இருக்கிறது. இதையும் வரவேற்கிறேன். ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும், மருந்து தரும், பயிற்சி சொல்லித்தரும். நோயாளி வேலைக்குப் போகாத நாளுக்கு ஒரு ரூபாய் தருவது எதுவும் இல்லை. பயிற்சி சொல்லித்தர ஆள் வீட்டுக்கு வரும்போது மாமா குழியில் இருந்தால் அந்தத் திட்டம் யாருக்குப் பயிற்சி தரும்?

நோய் நாளுக்குக் கூலி என்பது ஏதோ என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் அது 1948-லேயே சட்டமானது. இ.எஸ்.ஐ. திட்டப்படி, மருத்துவச் சான்று இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனியில் இருந்தால், சம்பளம் வரம்புக்குள் இருந்தால், நீங்கள் இதற்கு உரியவர். வீட்டில் தறி போட்டு இன்னொருவர் பாவை நெய்தால் நீங்கள் யாருடைய தொழிலாளியும் இல்லை.

“வீட்ல செய்ற வேலைக்கு யார் முதலாளின்னு எப்படிச் சொல்றது?” இதுதான் அதிகாரிகளுக்குப் பிடித்த கேள்வி. பதில் பீடித் தொழிலில் எப்போதோ வந்துவிட்டது. வீட்டில் இலை வெட்டிப் பீடி சுற்றுகிறவர்களும் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின்படி தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் தீர்ப்பளித்தது. சுற்றிக் கொடுத்த பீடியைத் தரம் பார்த்து ஏற்கவோ கழிக்கவோ முதலாளிக்கு அதிகாரம் இருக்கிறதா, அப்படியானால் அவர்தான் முதலாளி. பட்டுக்கு இது பொருந்தாதா? நூல் யாருடையது, ஜரிகை யாருடையது, டிசைன் யாருடையது, ‘டேமேஜ்’ என்று கூலியைப் பிடிப்பது யார்? ஆரணியில் சின்னப் பிள்ளைகூடப் பெயர் சொல்லும்.

“இதெல்லாம் சேர்த்தா புடவை விலை ஏறிடும், வியாபாரம் படுத்துடும்.” கணக்குப் போட்டுப் பார்ப்போம். இ.எஸ்.ஐ. பங்கு 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். மொத்தம் கூலியில் 4 சதவீதம். ஒரு பேச்சுக்கு ஒரு புடவையின் நெசவுக் கூலி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சதவீதம் என்றால் 200 ரூபாய். அந்தப் புடவை கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை வாங்கியவர்கள் சொல்லுங்கள். கட்டைப்பைக்கும் ஏ.சி.க்கும் விளம்பரத்தில் சிரிக்கிற நடிகைக்கும் அந்த விலையில் இடம் இருக்கிறது. நெய்தவரின் முதுகுக்கு 200 ரூபாய் சேர்த்தால் வியாபாரம் படுத்துவிடுமா?

*

கடைசியாக நம்மைப் பற்றி. இதைப் படிக்கிற, எழுதுகிற, கைத்தறியை நேசிப்பதாகச் சொல்கிற நம்மைப் பற்றி.

ஆகஸ்ட் 7 வந்தால் போதும், கைத்தறி நாள். 1905-ல் அதே நாளில் கல்கத்தாவில் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015-லிருந்து கொண்டாடுகிறோம். புடவை கட்டிப் படம் போடுகிறோம், ஊடும் பாவும் என்று உருவகம் எழுதுகிறோம். 2020-ல் அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால்தான் ஒன்றிய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. படம் போட்டவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

தமிழ் இலக்கியத்துக்குத் தறி தெரியாத பொருள் இல்லை. தொ.மு.சி. ரகுநாதன் நெசவாளர்களின் பட்டினியை வைத்து 1950களிலேயே ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். அந்தக் கோபம் போய் இப்போது நம்மிடம் இருப்பது ‘கலை’, ‘மரபு’, ‘தியானம் போன்ற நெசவு’. தறிச் சத்தத்தில் இசை கேட்கிறது என்று எழுதாத கவிஞர் குறைவு. ஜக்கார்டு மிதியை ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு அந்த வரியை எழுதட்டும். நெசவு பெரும் கலைதான், மறுக்கவில்லை. கலை என்று சொல்லிவிட்டால் அதைச் செய்கிறவரைக் கலைஞர் ஆக்கிவிடுகிறோம், கலைஞருக்கு மாலை போட்டால் போதும். தொழிலாளி என்று சொன்னால் லீவு கொடுக்க வேண்டியிருக்கும். நமக்கு எது வசதி என்பதில் சந்தேகமே இல்லை.

என்ன செய்யலாம் என்பது ஒன்றும் புதிர் இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவு நெசவாளர் சங்கங்கள் இருக்கின்றன, ஆரணியிலும் பட்டுச் சங்கம் இருக்கிறது. சங்க உறுப்பினர்களின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசும் ஒரு பங்கு போட்டுச் சேர்க்கிற சேமிப்புத் திட்டம் பல்லாண்டுகளாக நடக்கிறது. கூலிக் கணக்கு இருக்கிறது, பிடித்தம் செய்கிற ஏற்பாடு இருக்கிறது, கோ-ஆப்டெக்ஸ் என்ற கடையும் அரசிடமே இருக்கிறது. நோய் நாள் கூலியை அங்கே தொடங்கட்டும். மருத்துவர் பத்து நாள் ஓய்வு என்று எழுதினால் பத்து நாள் கூலியில் 70 சதவீதம் வங்கிக் கணக்கில் விழட்டும். தார் சுற்றுகிற, பாவு பிணைக்கிற பெண்களின் பெயரும் அந்தப் பதிவேட்டில் வரட்டும். அதன்பிறகு பீடித் தீர்ப்பைக் காட்டித் தனியார் முதலாளிகளிடமும் கேட்கலாம்.

வேலையில்லாத மாதங்களில் உதவித்தொகை, இலவச மின்சாரம் என்று பழைய கோரிக்கைகளோடு இதையும் சேர்த்துக் கேட்க நெசவாளர் சங்கங்கள் இதுவரை தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. முதுகு வலி என்பது தறியோடு கூடப் பிறந்தது என்று எல்லோரும் நம்புகிறோம். அப்பாவுக்கு இருந்தது, தாத்தாவுக்கு இருந்தது, நமக்கும் இருக்கும். வலியை விதியாக எடுத்துக்கொண்டவரிடம் ஊசியை விற்பது சுலபம். தொழில் நோய் என்று அதற்குப் பெயர் வைத்தால்தான் யார் பொறுப்பு என்ற அடுத்த கேள்வி வரும்.

அடுத்த முகூர்த்தத்துக்கு உங்கள் வீட்டில் பட்டு எடுப்பார்கள். ஜரிகை அசலா, சாயம் போகுமா, சில்க் மார்க் இருக்கா என்று கடையில் கேட்பீர்கள். கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள். இதை நெய்தவர் படுத்துவிட்டால் அவர் வீட்டில் அந்த வாரம் அடுப்புக்கு யார் பொறுப்பு? கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் விழிப்பார், ஆயிரம் பேர் கேட்டால் பதில் தயார் பண்ணித்தான் ஆக வேண்டும்.